“இது எனக்கே தோன்றியிருக்குமே!” - பேட்டன்ட் அப்பீலில் எப்படி முடிவு செய்கிறார்கள்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதனுடன் வரும் சிறிய புத்தகத்தைப் பெரும்பாலும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு முறை பிரித்துப் பாருங்கள். கடைசிப் பக்கங்களிலோ, பிரிண்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரிலோ, சாப்ட்வேரின் அபவுட் விண்டோவிலோ பேட்டன்ட் என்ற சொல்லும் சில எண்களும் இருக்கலாம். பேட்டன்ட் என்றால் காப்புரிமை. ஒருவர் கண்டுபிடித்ததை அவர் அனுமதி இல்லாமல் மற்றவர்கள் தயாரிக்கவோ, விற்கவோ, இறக்குமதி செய்யவோ கூடாது என்று அரசு தரும் உரிமை. இந்தியாவில் மனு செய்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு இது செல்லும்.

20 ஆண்டு என்பது கம்ப்யூட்டர் உலகில் ஒரு யுகம். அதனால்தான் சட்டம் ஒரு நிபந்தனை போடுகிறது. புதிதாக இருந்தால் மட்டும் போதாது. அந்தத் துறையில் வேலை தெரிந்த ஒருவருக்கு, ‘இதில் என்ன இருக்கிறது, யாரும் செய்வதுதானே’ என்று தோன்றக் கூடியதாக இருக்கக் கூடாது. படிக்க எளிதாக இருக்கும் இந்த நிபந்தனைதான் நீதிமன்றங்களில் அதிகமாகத் தலைவலி கொடுப்பது.

இரண்டு சிம், ஒரு பேட்டன்ட்

உங்கள் பாக்கெட்டில் இருக்கும் மொபைல் போனில் இரண்டு சிம் கார்டுகள் போடலாம் அல்லவா? அதற்கு ஒரு காலத்தில் இந்தியாவில் ஒருவர் பேட்டன்ட் வைத்திருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. மதுரையைச் சேர்ந்த ராம்குமார் 2002ல் மனு செய்தார். வெவ்வேறு நெட்வொர்க்குகளுக்கான பல சிம் கார்டுகளை ஏற்கும் மொபைல் போன் என்பது அதன் பொருள். 2008ல் 214388 என்ற எண்ணில் அவருக்குப் பேட்டன்ட் கிடைத்தது.

அடுத்து அவர் செய்ததுதான் இதனைச் சென்னைத் துறைமுகப் பகுதி வாசகர்களுக்கு நெருக்கமான கதையாக்குகிறது. அறிவுசார் சொத்துரிமையை மீறும் இறக்குமதிப் பொருட்களைச் சுங்கத்துறையே நிறுத்தி வைக்கலாம் என்று மத்திய அரசு 2007ல் விதிகள் கொண்டு வந்திருந்தது. உரிமையாளர் சுங்கத்துறையில் பதிவு செய்து, பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும். இந்த விதிகளின்படி ராம்குமார் பதிவு செய்தார். வெளிநாட்டிலிருந்து வந்த இரட்டை சிம் போன்கள் சுங்கத்தில் தடுக்கப்பட்டன.

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கிளியரிங் வேலை பார்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு சரக்கு ஒரு வாரம் நின்றால் என்ன ஆகும் என்று. வாடகை ஏறும், டெமரேஜ் ஏறும், கடைக்காரர் வேறு மாடலுக்குப் போய்விடுவார். மொபைல் போன் விஷயத்தில் மாடலே பழசாகிவிடும். வழக்கில் யார் ஜெயித்தாலும், தடுத்து வைத்த நாட்கள் திரும்பி வராது.

பொருளை நிறுத்தும் அதிகாரி எதை வைத்து முடிவு செய்வார்? போலி வாட்ச் என்றால் பெயரைப் பார்த்தே சொல்லிவிடலாம். திருட்டு சி.டி. என்றாலும் அப்படியே. ஆனால் ஒரு போனுக்குள் இருக்கும் சர்க்யூட் ஒரு பேட்டன்டை மீறுகிறதா, அந்தப் பேட்டன்டே செல்லுமா என்பதை ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுசில் ஒரு மேஜையில் உட்கார்ந்து கொண்டு எப்படிச் சொல்வது? இது சுங்க வாரியத்துக்கும் தெரிந்தே இருந்தது. பேட்டன்ட் விஷயத்தில் நீதிமன்றத் தீர்ப்பு ஏற்கனவே இருந்தால் தவிர மிகவும் எச்சரிக்கையாக இருங்கள் என்று 2007லேயே அது தன் அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கடைசியில் 2018ல் அந்த விதிகளில் இருந்து பேட்டன்டையே எடுத்துவிட்டார்கள். இது சரியான முடிவு என்பதே என் கருத்து.

ஸ்பைஸ், சாம்சங் ஆகிய கம்பெனிகள் அந்தப் பேட்டன்டை ரத்து செய்யும்படி அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போயின. இந்த வாரியத்தின் தலைமை இடம் சென்னையிலேயே, தேனாம்பேட்டையில் இருந்தது. மனு தேதிக்கு முன்பே வெளிவந்திருந்த ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, 2012 ஜூன் மாதம் வாரியம் அந்தப் பேட்டன்டை ரத்து செய்தது.

இங்கே நாமும் நீதிபதி நாற்காலியில் சற்று உட்கார்ந்து பார்க்கலாம். பின்லாந்து நாட்டின் பெனிஃபோன் கம்பெனி ‘ட்வின்’ என்ற பெயரில் இரண்டு சிம் போடும் போனை 2000ல் கொண்டு வந்திருந்தது. அது கையில் இருக்கும்போது, 2002ல் ஒரு சாதாரண போன் டிசைன் என்ஜினியரிடம், ‘ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறிக் கொண்டிருக்காமல் இரண்டு சிம்மும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும்’ என்று சொன்னால் அவர் என்ன செய்திருப்பார்? இரண்டாவது ரேடியோ பகுதி ஒன்றைச் சேர்த்துவிடுவாரா? அல்லது ஆண்டென்னா, பேட்டரி, சத்தம் கலப்பது என்று பல சிக்கல்களில் மாட்டி, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால்தான் தப்பிக்க முடியுமா? முதல் விடை என்றால் பேட்டன்ட் கிடையாது. இரண்டாவது என்றால், அந்தச் சிக்கலைத் தீர்த்த வழிக்குக் கிடைக்கலாம். ‘இரண்டு சிம்’ என்ற ஆசைக்கு அல்ல. இந்த வித்தியாசத்தை நன்றாக மனதில் வைத்துக் கொள்ளுங்கள். ஐடியா வைத்திருக்கிறேன் என்று சொல்பவர்களில் பலர் ஆசையைத்தான் வைத்திருக்கிறார்கள்.

யாருக்குத் தோன்ற வேண்டும்?

1970ம் ஆண்டின் பேட்டன்ட் சட்டம், 2005ல் திருத்தப்பட்ட பின், இப்படிச் சொல்கிறது. ஏற்கனவே உள்ள அறிவோடு ஒப்பிட்டால் தொழில்நுட்ப முன்னேற்றமோ, பொருளாதார முக்கியத்துவமோ, இரண்டுமோ இருக்க வேண்டும். அதோடு, துறையில் திறமை உள்ள ஒருவருக்கு அது வெளிப்படையாகத் தெரியும் ஒன்றாக இருக்கக் கூடாது. நீதிபதிக்குத் தோன்றுகிறதா, உங்களுக்கோ எனக்கோ தோன்றுகிறதா என்பது கேள்வியே இல்லை.

அந்தத் ‘திறமை உள்ள ஒருவர்’ ஓர் கற்பனை மனிதர். திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையை நினைத்துக் கொள்ளுங்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்த ஹெல்பர் அல்ல அவர். யாருக்கும் தோன்றாததை யோசிக்கும் மேதையும் அல்ல. வேலை முழுதாகத் தெரிந்தவர், தன் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததைத் தெரிந்து வைத்திருப்பவர், ஒரு டிராயிங்கைக் கொடுத்தால் படித்துப் புரிந்து கொள்பவர். மொபைல் போன் என்றால் அவர் போனை வடிவமைக்கும் என்ஜினியர். பர்மா பஜாரில் டிஸ்ப்ளே மாற்றித் தருபவரின் கைத்திறமை பெரியதுதான்; ஆனால் இந்தக் கேள்விக்கு அவர் ஆள் அல்ல.

லேத் உதாரணத்தை நான் சும்மா எடுக்கவில்லை. இந்தியாவில் இந்த விஷயத்தில் இன்றும் எல்லோரும் எடுத்துக் காட்டும் தீர்ப்பு லேத்தைப் பற்றியதுதான். பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் என்ற நிறுவனத்துக்கும் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் உலோகப் பாத்திரங்களைக் கடைந்து மெருகேற்றும்போது அவற்றை லேத்தில் பிடித்து வைக்கும் ஒரு சாதனத்துக்குப் பேட்டன்ட் வாங்கியிருந்தார்கள். அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அதனை ரத்து செய்தார். அப்பீலில் இரு நீதிபதிகள் செல்லும் என்றார்கள். 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் செல்லாது என்றது. பல பத்தாண்டுகளாகத் தெரிந்த ஒரு முறையைச் சிறு மாற்றத்தோடு பாத்திர வேலைக்குப் பொருத்தியிருக்கிறார்கள், இது பட்டறையில் வழக்கமாக நடக்கும் சீர்திருத்தம், கண்டுபிடிப்பு அல்ல என்பது அதன் முடிவு.

அந்தத் தீர்ப்பில் ஒரு சோதனை தந்தார்கள். பழைய ஆவணத்தை ஒரு நல்ல கைவினைஞர் கையில் கொடுக்கிறோம். தீர்க்க வேண்டிய பிரச்சினையையும் சொல்கிறோம். ஆனால் பேட்டன்ட் வாங்கியவர் கண்டுபிடித்ததை மட்டும் காட்டாமல் மறைத்து வைக்கிறோம். அவர் அந்த ஆவணத்தைப் பார்த்ததும், ‘எனக்கு வேண்டியது இதோ இருக்கிறதே’ என்பாரா? என்பார் என்றால் பேட்டன்ட் இல்லை.

மறைத்து வைக்கிறோம் என்பதுதான் இதில் முக்கியம். விடுகதைக்கு விடை தெரிந்துவிட்டால், ‘இது தெரியாதா’ என்று எல்லோரும் சொல்வார்கள். விடை தெரிவதற்கு முன் யாரும் வாய் திறப்பதில்லை. அப்பீலில் உட்காரும் நீதிபதி முன் விடை ஏற்கனவே இருக்கிறது. பேட்டன்ட் மனு அவர் மேஜை மேல். பத்து வருடம் கழித்து வழக்கு வருகிறது. அதற்குள் அந்தப் பொருள் எல்லோர் கையிலும் வந்துவிட்டது. அந்த அறிவை ஓரமாக வைத்துவிட்டு மனு செய்த நாளுக்குப் பின்னோக்கிப் போக வேண்டும். ரோஷே - சிப்லா மருந்து வழக்கில் 2015ல் டெல்லி உயர் நீதிமன்றம் இதனைப் படிப்படியாகச் சொன்னது. திறமை உள்ளவர் யார், கண்டுபிடிப்பின் சாரம் என்ன, அந்தத் தேதியில் அவருக்குப் பொதுவாகத் தெரிந்தது என்ன, இரண்டுக்கும் இடையே வித்தியாசம் என்ன, பின்னால் வந்த அறிவைக் கலக்காமல் பார்த்தால் அந்த வித்தியாசம் அவருக்கு எளிதில் தோன்றுமா. இந்த வரிசையில் போக வேண்டும்.

ஒரே கிளிக், வேறு வேறு தீர்ப்பு

இன்டர்நெட்டில் பொருள் வாங்குபவர்கள் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும். முகவரி, கார்டு எண் ஆகியவற்றை முன்பே பதிந்து வைத்திருந்தால் ஒரே கிளிக்கில் ஆர்டர் போய்விடும் என்ற வசதிக்கு அமேசான் கம்பெனி அமெரிக்காவில் 1999 செப்டம்பரில் பேட்டன்ட் பெற்றது. அதே ஆண்டு டிசம்பரிலேயே பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற புத்தகக் கம்பெனி தன் தளத்தில் அதுபோன்ற வசதியைத் தரக் கூடாது என்று தடை வாங்கியது. 2001ல் அப்பீல் நீதிமன்றம், இந்தப் பேட்டன்ட் செல்லுமா என்பதிலேயே வலுவான சந்தேகம் இருக்கிறது என்று தடையை நீக்கியது. ஐரோப்பாவில் 2011ல் அப்பீல் வாரியமே கண்டுபிடிப்பு என்று சொல்லும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை என்று மறுத்தது. அமெரிக்காவிலோ அது 2017ல் காலம் முடியும் வரை இருந்தது. ஒரே மவுஸ் கிளிக்தான்!

நம் ஊரிலும் ஓர் உதாரணம். கிளிவெக் என்ற புற்றுநோய் மருந்து தொடர்பான நோவார்டிஸ் கம்பெனியின் மனுவைச் சென்னைப் பேட்டன்ட் அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. சொன்ன காரணங்களில், இது எளிதில் தோன்றக் கூடியதே என்பதும் ஒன்று. 2009 ஜூனில் சென்னை மேல்முறையீட்டு வாரியம் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. எளிதில் தோன்றாதது என்றது. ஆனாலும் பேட்டன்ட் தரவில்லை. தெரிந்த மருந்தின் புதிய வடிவத்துக்குப் பலன் கூடியிருக்க வேண்டும் என்ற தனிப் பிரிவில், அதாவது 3(டி)யில், மனு விழுந்தது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. ஒரு கதவைத் தாண்டினால் அடுத்த கதவு இருக்கிறது என்பதற்காக இதனைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் காரர்களுக்கு அந்த அடுத்த கதவு 3(கே). வெறும் கம்ப்யூட்டர் புரோகிராம், கணக்கு முறை, வியாபார முறை ஆகியவற்றுக்கு, எவ்வளவு புதிதாக இருந்தாலும், இங்கே பேட்டன்ட் இல்லை.

இரண்டு ஸ்பார்க் பிளக்

பைக் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு வழக்கு நினைவிருக்கும். சிறிய என்ஜினில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் பஜாஜின் டி.டி.எஸ்.ஐ. பேட்டன்ட். டி.வி.எஸ். கம்பெனி 2007ல் ஃபிளேம் என்ற பைக்கைக் கொண்டு வந்தபோது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. இரண்டு பிளக் என்பது பழைய விஷயம், ஹோண்டாவின் பழைய அமெரிக்கப் பேட்டன்டிலேயே இருக்கிறது என்று டி.வி.எஸ். வாதாடியது. சிறிய என்ஜினில், எரிபொருள் குறைவான கலவையை இப்படி எரிப்பதுதான் எங்கள் கண்டுபிடிப்பு என்றது பஜாஜ். 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி ஃபிளேமுக்குத் தடை விதித்தார். 2009 மே மாதம் அப்பீலில் தடை நீங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கணக்கு வைத்துக் கொண்டு விற்கலாம் என்றும், இதுபோன்ற வழக்குகளை வேகமாக முடிக்க வேண்டும் என்றும் சொன்னது. வேகமாக முடிந்ததா? 2019ல் இரு கம்பெனிகளும் சமாதானமாகப் போயின. இரண்டு பிளக் என்பது எளிதில் தோன்றுவதா இல்லையா என்ற கேள்விக்கு இறுதி விடை வரவே இல்லை. இடையில் திருவொற்றியூர் ராயல் என்ஃபீல்டு ஆலையிலிருந்தும் ட்வின்ஸ்பார்க் என்ற பெயரிலேயே தண்டர்பேர்ட் பைக் வந்து சாலையில் ஓடியது.

இப்போது அப்பீல் எங்கே?

மேல்முறையீட்டு வாரியம் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டது. இப்போது பேட்டன்ட் அப்பீல்கள் உயர் நீதிமன்றங்களுக்கே போகின்றன. தென் மாநிலங்களின் மனுக்களைக் கிண்டியில் உள்ள பேட்டன்ட் அலுவலகம் பார்க்கிறது. அதன் உத்தரவு மேல் அப்பீல் என்றால் சென்னை உயர் நீதிமன்றம். அங்கே 2023ல் இதற்கென்றே தனிப் பிரிவு ஏற்படுத்தப்பட்டுள்ளது. கஸ்டம் ஹவுசிலிருந்து நடந்தே போய்விடும் தூரம்தான்.

அப்பீலில் நீதிபதி முதலில் பார்ப்பது, பேட்டன்ட் அதிகாரி காரணம் சொல்லியிருக்கிறாரா என்பதை. ‘பழைய ஆவணங்களைப் பார்த்தேன், எளிதில் தோன்றக் கூடியது, நிராகரிக்கிறேன்’ என்று மூன்று வரியில் முடித்தால் அது நிற்காது. பழைய ஆவணத்தில் என்ன இருக்கிறது, மனுவில் என்ன இருக்கிறது, முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் திறமை உள்ளவர் எப்படி வந்து சேர்வார் என்று மூன்றையும் எழுத வேண்டும் என 2022ல் அக்ரிபோர்ட் என்ற கம்பெனியின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்படிக் காரணம் இல்லாத உத்தரவுகளை நீதிமன்றம் மறுபடியும் விசாரிக்கும்படி திருப்பி அனுப்பிவிடுவது உண்டு.

நீங்களே தேடிப் பார்க்கலாம்

உங்களிடமோ, பட்டறை வைத்திருக்கும் உங்கள் உறவினரிடமோ ஒரு ஐடியா இருந்தால், வக்கீலிடம் போகும் முன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பாதி வேலையை முடித்திடலாம். இந்தியப் பேட்டன்ட் அலுவலகத்தின் இணைய தளத்தில் இன்பாஸ் என்ற தேடும் வசதி உள்ளது. கட்டணம் இல்லை. தலைப்பு, சுருக்கம், மனு செய்தவர் பெயர், எண் என்று எதை வேண்டுமானாலும் கொடுத்துத் தேடலாம். வெளிநாட்டுப் பேட்டன்ட்களுக்குக் கூகுள் பேட்டன்ட்ஸ் தளம் எளிது. பிராண்டு பெயரை டைப் செய்யாதீர்கள். அந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதை இரண்டு மூன்று விதமாக டைப் செய்து பாருங்கள். கிடைக்கும் ஒவ்வொன்றிலும் முதலில் தேதியைப் பாருங்கள். உங்கள் மனு தேதிக்கு முன் வெளியானவைதான் இந்தக் கேள்வியில் உங்களுக்கு எதிராக நிற்கும். பேட்டன்ட் மட்டும் அல்ல. பழைய புத்தகம், பத்திரிகைக் கட்டுரை, கடையில் விற்ற பொருள் எல்லாமே கணக்கில் வரும். நீங்களே யூடியூபில் போட்ட வீடியோவும் சேர்த்துத்தான். எனவே மனு செய்யும் முன் யாருக்கும் பெருமையாகக் காட்டிவிடாதீர்கள்.

தேடும்போது இரண்டு ஆவணங்களைச் சேர்த்தால் உங்கள் ஐடியா வந்துவிடுகிறது என்று தோன்றினால் உடனே மனம் தளர வேண்டாம். அந்த இரண்டையும் சேர்க்க வேண்டும் என்று அந்தத் தேதியில் ஒருவருக்கு ஏன் தோன்றியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். பழைய ஆவணமே அதற்கு வழி காட்டுகிறது என்றால் உங்கள் நிலை கஷ்டம்தான். ‘இப்படிச் செய்தால் வேலை செய்யாது’ என்று அது சொல்லியிருந்தும் நீங்கள் செய்து காட்டியிருந்தால், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். எத்தனை தடவை முயன்று தோற்றீர்கள் என்ற குறிப்பு நோட்டையும் தேதியோடு வைத்திருங்கள்.

தனி நபர் ஆன்லைனில் மனு செய்ய அடிப்படைக் கட்டணம் ரூ.1,600. பரிசோதனைக்குக் கட்டணம் தனி. அதிகாரி மறுத்து உத்தரவு போட்டால், உத்தரவின் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் செய்திட வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் அனுமதிப்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்பம்.